கொதிநீர் ஊற்றின் இளஞ்சிவப்பு இழைகள்: தாமஸ் பிராக்கின் ஆய்வு வாழ்க்கை

அமெரிக்க நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக்கின் பெயர் பொதுவெளியில் அடிபடும்போதெல்லாம் ஒரே கதைதான் சொல்லப்படுகிறது. 1960களில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வெந்நீர் ஊற்று ஒன்றில் அவர் ஒரு பாக்டீரியாவைக் கண்டெடுத்தார். அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட நொதிதான் பிசிஆர் என்ற மரபணுப் பெருக்க முறையை எல்லா ஆய்வகங்களுக்கும் எட்டும்படி எளிதாக்கியது. கொரோனா பெருந்தொற்றின்போது கோடிக்கணக்கானோரின் மூக்கிலிருந்து எடுத்த மாதிரிகளைச் சோதித்த முறைக்கும் அடித்தளம் அதுவே. கதையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது ஒரு மனிதரின் ஆய்வு வாழ்க்கையைத் தலைகீழாக நிறுத்திவிடுகிறது. பிராக் தேடிப் போனது அந்தப் பாக்டீரியாவை அல்ல, அந்த நொதியையும் அல்ல. தேடிய உயிரினம் ஆய்வகத்தில் வளர மறுத்தபோது, சற்றுக் குறைந்த வெப்பத்தில் வேறு முயற்சி செய்ததில் கைக்கு வந்தது அது. அவர் உண்மையில் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி வேறு: ஒரு நுண்ணுயிர் தான் இயல்பாக வாழும் இடத்தில் எப்படி வாழ்கிறது, எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது, எந்த எல்லையில் அதன் வாழ்வு நின்றுபோகிறது?

இந்தக் கேள்வி எளிமையாகத் தோன்றலாம். அது ஏன் அவ்வளவு காலம் கேட்கப்படாமல் இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள, நுண்ணுயிரியல் என்ற துறை எந்த முறையால் எழுந்து நின்றது என்பதை நினைவுகூர வேண்டும். 1880களில் ஜெர்மனியில் ராபர்ட் கோஹும் அவருடைய குழுவினரும் ஒரே வகைப் பாக்டீரியாவை மட்டும் மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரித்து, ஊட்டம் கலந்த இறுகிய ஊடகத்தின்மேல் தனித்தனிக் கூட்டங்களாக வளர்க்கும் தூய வளர்ப்பு முறையை உருவாக்கினர். காசநோய்க்கும் காலராவுக்கும் காரணமான கிருமிகளை ஐயமற அடையாளம் காட்டியது அந்த முறைதான். மருத்துவத்தில் அடிப்படைக் கேள்வி எந்தக் கிருமி நோயை உண்டாக்குகிறது என்பதே. அதற்குத் தூய வளர்ப்பு பொருத்தமான கருவி. மண்ணிலும் குளத்திலும் கடலிலும் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிக் கேட்கும்போது அதே கருவி ஏமாற்றத் தொடங்குகிறது. ஊட்டம் நிறைந்த ஊடகத்தில் எது விரைவாக வளருமோ அதுதான் வளர்ப்புத் தட்டில் தெரியும்; இயற்கையில் அந்த இடத்தை ஆளும் உயிர் தட்டில் தலைகாட்டாமலே போய்விடலாம்.

ஸ்ட்ராஸ்பர்க்கில் கந்தக பாக்டீரியாக்களை ஆராய்ந்த செர்கேய் வினோகிராத்ஸ்கி, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பணியாற்றிய மார்ட்டினஸ் பெய்ரிங்க் ஆகியோர் இந்தச் சிக்கலைத் தொடக்கத்திலேயே உணர்ந்தவர்கள். நுண்ணுயிர்ச் சூழலியலுக்கு அவர்களே முன்னோடிகள். ஆனாலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரும்பாலான ஆய்வாளர்கள் இயற்கையிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணையோ ஒரு சொட்டு நீரையோ எடுத்துவந்து, ஆய்வகத்தில் வளர்வதை மட்டும் ஆராய்ந்தார்கள். மாதிரி எடுத்த இடம் ஆய்வேட்டில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும்.

பிராக் இந்த மரபுக்குள் பக்கவாட்டில் நுழைந்தவர் என்பது முக்கியம். 1926இல் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லண்ட் நகரில் பிறந்த அவர், கடற்படையில் பணியாற்றிவிட்டு, போர் முடிந்து திரும்பியவர்களுக்கு அரசு வழங்கிய கல்வி உதவியுடன் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1952இல் அவர் முனைவர் பட்டம் பெற்றது தாவரவியலில். பிறகு அப்ஜான் என்ற மருந்து நிறுவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி ஆய்வுப் பிரிவில் ஐந்தாண்டுகள் வேலை பார்த்தார். அங்கிருந்து கிளீவ்லண்டுக்கும், 1960இல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் பாக்டீரியவியல் துறைக்கும் வந்தார். செடியை அது நிற்கும் மண்ணோடும் வெயிலோடும் சேர்த்துப் பார்க்கப் பழகிய ஒருவர் பாக்டீரியாவையும் அப்படியே பார்க்க முயன்றதில் வியப்பில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பாக்டீரியவியலை முறைப்படி பயின்றிருந்தால் அந்தப் பார்வை மழுங்கிப்போயிருக்கவும் கூடும்.

அந்தப் பார்வை முதலில் வெளிப்பட்டது கடற்கரையில். வாஷிங்டன் மாநிலத்தில் சான் வான் தீவில் உள்ள ஃப்ரைடே ஹார்பர் கடல் ஆய்வகத்தில், கடற்பாசிகளின்மேல் இழையிழையாகப் படர்ந்து வளரும் லியூகோத்ரிக்ஸ் என்ற பாக்டீரியாவை அவர் ஆராயத் தொடங்கினார். நுண்ணோக்கியில் பார்த்தவுடன் இனங்காணத்தக்க உருவம் அதற்கு உண்டு. வளரும்போது தன்னைத்தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளும் விசித்திரப் பழக்கமும் உண்டு. அதனால் அதைப் பிரித்தெடுக்காமலே, கடலில் இருக்கும் நிலையிலேயே ஆராய முடிந்தது. கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய தைமிடின் என்ற பொருளைக் கொடுத்து, எந்தெந்த செல்கள் அதைத் தம் டிஎன்ஏவில் சேர்த்துக்கொண்டன என்பதைப் புகைப்படப் படலத்தில் பதிவாகும் புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டு, கடலில் அந்த பாக்டீரியா பெருகும் வேகத்தை அவர் அளந்தார். இந்த ஆய்வு 1967இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. இயற்கையில் ஒரு பாக்டீரியாவின் வளர்ச்சி வேகத்தை நேரடியாக அளக்க முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு ஏற்பட்டது இங்கேதான். யெல்லோஸ்டோனுக்கு அவர் கொண்டுபோனதும் இதே நம்பிக்கையைத்தான்.

1964 கோடையில் மேற்கு நோக்கிய பயணத்தின் இடையே அவர் யெல்லோஸ்டோனுக்கு முதன்முறையாகச் சென்றார். 1872இல் தொடங்கப்பட்ட இந்தப் பூங்கா வயோமிங், மொன்டானா, ஐடஹோ ஆகிய மூன்று மாநிலங்களில் பரவியிருக்கிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகளும் பீறிடும் நீரூற்றுகளும் சேற்றுக் குமிழிகளும் அங்கே உள்ளன. கடல் மட்டத்திலிருந்து மிக உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் ஏறக்குறைய 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஊற்று வாயிலிருந்து பெருகும் நீர் சிறு வடிகாலாக ஓடும்போது படிப்படியாகக் குளிர்கிறது. அந்த வடிகாலின் தரையில் வெப்பத்துக்கு ஏற்ப நிறங்கள் பட்டை பட்டையாக மாறுகின்றன. ஏறக்குறைய 73 டிகிரிக்கு மேல் பச்சையம் கொண்ட உயிர்கள் இல்லை. அதற்குக் கீழே நீலப்பச்சைப் பாசிகளின் மஞ்சள் கலந்த பச்சை. இன்னும் கீழே ஆரஞ்சும் பழுப்புமான தடித்த படலங்கள்.

சுற்றுலாப் பயணிக்கு இது அழகிய காட்சி. சூழலியலாளருக்கோ இயற்கையே அமைத்துவைத்த சோதனைச்சாலை. குளத்திலோ வயலிலோ வெப்பமும் ஒளியும் ஊட்டமும் நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருக்கும். எந்த மாற்றத்துக்கு எது காரணம் என்று பிரித்தறிவது கடினம். வெந்நீர் ஊற்றில் நீர் அதே வெப்பத்தில், அதே வேகத்தில், அதே வேதிச் சேர்க்கையோடு ஆண்டு முழுவதும் வந்துகொண்டிருக்கிறது. வடிகாலின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெப்பம் இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டால் அடுத்த மாதமும் ஏறத்தாழ அவ்வளவேதான். வாழும் இனங்களின் எண்ணிக்கையும் குறைவு. பிராக் வெப்பத்தை விரும்பும் உயிர்களைத் தேடி யெல்லோஸ்டோனுக்குப் போகவில்லை. எளிமையான, நிலையான ஒரு சூழல் அமைப்பைத் தேடிப் போனார். அந்த அமைப்பு கொதிநிலையை ஒட்டி இருந்தது தற்செயல்.

அந்தத் தற்செயல் விரைவிலேயே மையக் கேள்வியாகிவிட்டது. 1965இல் பூங்காவின் கீழ் நீரூற்றுப் படுகையில் உள்ள ஆக்டோபஸ் ஊற்றின் வடிகாலில், பாசிகள் தொடங்கும் இடத்துக்கும் மேலே, 82 முதல் 88 டிகிரி வரையிலான ஓடும் நீரில், இளஞ்சிவப்பு நிறத்தில் வழவழப்பான இழைக்கற்றைகள் அசைந்துகொண்டிருப்பதை அவர் பார்த்தார். அது தாதுப் படிவு அல்ல, உயிருள்ள பாக்டீரியாக்களின் திரள். கண்ணால் பார்க்கும் அளவுக்கு அவை குவிந்திருந்தன என்பதே, தற்செயலாக அடித்துவரப்பட்டவை அல்ல, அங்கேயே வளர்பவை என்பதற்குச் சான்று. அந்தக் காலத்தில் ஆய்வகங்களில் வெப்பம் விரும்பும் பாக்டீரியாக்கள் என்றால் 55 அல்லது 60 டிகிரியில் வளர்பவை என்றே பொருள். அதற்குமேல் எவரும் வளர்ப்புப் பெட்டியின் வெப்பத்தை உயர்த்திப் பார்ப்பதே அரிது. 1903இலேயே கலிபோர்னியாவின் தாவரவியலாளர் செட்செல் யெல்லோஸ்டோனில் 89 டிகிரி வரை பாக்டீரியாக்களைக் கண்டதாக எழுதியிருந்தார். அறுபது ஆண்டுகளாக அதை எவரும் பெரிதாகப் பின்தொடரவில்லை. 1967இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில் பிராக் அந்தப் பழைய கேள்வியை மீண்டும் மேசைக்குக் கொண்டுவந்தார்.

அடுத்த பத்தாண்டுகள் அவருடைய வாழ்வின் வளமான காலம். பூங்காவின் வாயிலில் உள்ள வெஸ்ட் யெல்லோஸ்டோன் என்ற சிற்றூரில் ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்துக்கொண்டு, கோடைதோறும் மாணவர்களோடும் உதவியாளர்களோடும் அங்கே தங்கினார். அவருடைய கருவிகள் வியக்கத்தக்க அளவுக்கு எளியவை. நுண்ணோக்கிக்குப் பயன்படும் கண்ணாடிச் சில்லுகளை நூலில் கட்டிக் கொதிக்கும் ஊற்றில் தொங்கவிடுவார். சில நாட்கள் கழித்து எடுத்துப் பார்த்தால் அவற்றின்மேல் பாக்டீரியாக்கள் பெருகியிருக்கும். பார்வைக்கு எதுவுமே வாழாததுபோல் தெளிந்திருந்த கொதிநீரிலும் இதே முடிவுதான் கிடைத்தது.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். சில்லின்மேல் இருப்பவை அங்கே வளர்ந்தவையா, அல்லது வேறெங்கிருந்தோ மிதந்துவந்து ஒட்டிக்கொண்டவையா? தாமஸ் பாட் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து பிராக் கண்ட வழி அழகானது. சில சில்லுகளின்மேல் குறிப்பிட்ட இடைவெளிகளில் புறஊதாக் கதிரைப் பாய்ச்சினார்கள். ஒட்டிய செல்கள் அந்தக் கதிரில் இறந்துவிடுவதால் பெருக முடியாது. ஆகவே அந்தச் சில்லுகளில் சேர்வது புதிதாக வந்து ஒட்டியவை மட்டுமே. கதிர் படாத சில்லுகளில் உள்ள எண்ணிக்கையிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது உண்மையான வளர்ச்சி. 90 டிகிரிக்கு மேலும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகின்றன என்று 1969இல் அவர்கள் அறிவித்தார்கள். அங்குள்ள உயிர்கள் வெப்பத்தைச் சகித்துக்கொண்டு உயிர்தப்பி இருப்பவை அல்ல. அதில் செழித்து வாழ்பவை.

பாசிப் படலங்களுக்கும் இதுபோன்ற ஓர் உத்தி இருந்தது. வடிகாலின் ஒரு பகுதியை ஒளி புகாதபடி மூடிவிட்டால் பாசியின் வளர்ச்சி நின்றுவிடும். ஆனால் ஓடும் நீர் அதை அரித்துச் செல்வது நிற்காது. நிலையான ஒரு படலத்தில் வளர்ச்சியும் இழப்பும் சமமாக இருப்பதால், இருட்டில் படலம் குறையும் வேகத்தை அளந்தால் வெளிச்சத்தில் அது வளரும் வேகம் தெரிந்துவிடும். ஓர் இருட்டுத் துணியும் பொறுமையும் இருந்தால் போதும். அதிகம் பேசப்படாத இந்த ஆய்வுகள்தான் பிராக்கின் அறிவியல் குணத்தை மிகத் தெளிவாகக் காட்டுகின்றன என்பது என் கணிப்பு. உயிரினத்தை ஆய்வகத்துக்கு இழுத்துவராமல், ஆய்வைத்தான் உயிரினத்திடம் கொண்டுபோனார்.

ஆனாலும் வளர்ப்பை அவர் முற்றிலும் ஒதுக்கிவிடவில்லை. இளஞ்சிவப்பு இழைகளை வளர்த்துப் பார்க்கும் முயற்சி தொடர்ந்து நடந்தது, தொடர்ந்து தோற்றது. அப்போதுதான், ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்கள் வாழும் எல்லைக்கு அருகே, 70 டிகிரி அளவில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் வேலை இந்தியானாவின் இளநிலை மாணவர் ஹட்சன் ஃப்ரீஸிடம் வந்தது. மஷ்ரூம் ஊற்று என்ற இடத்திலிருந்து 1966இல் எடுத்த மாதிரியை, வழக்கமான செழிப்பான ஊடகத்தில் அல்லாமல் மிகவும் நீர்த்த ஊடகத்தில் இட்டு 70 டிகிரியில் வைத்தபோது, மஞ்சள் நிறக் கூட்டமாக ஒரு பாக்டீரியா வளர்ந்தது. நீர்த்த ஊடகம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஊற்றுநீரில் உணவு மிகக் குறைவு. அந்தச் சூழலை ஓரளவாவது ஒத்திருக்கும் ஊடகமே பலன் தந்தது. 1969இல் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பெயரில் அந்த பாக்டீரியா அறிவிக்கப்பட்டது. அதன் வளர்ப்புகளை எவரும் பெற்றுப் பயன்படுத்தும்படி அமெரிக்க நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் பிராக் ஒப்படைத்தார்.

பின்னர் அதே இனம், இந்தியானா பல்கலைக்கழகம் உள்ள புளூமிங்டன் நகரின் வெந்நீர்க் குழாயிலிருந்தும் கிடைத்தது! எரிமலைப் பூமியின் அதிசய உயிர் என்று கொண்டாடப்படும் ஒன்று, பல்கலைக்கழகக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்க்குள்ளும் அமைதியாக வாழ்ந்துகொண்டிருந்திருக்கிறது. எவரும் 70 டிகிரியில் வைத்துப் பார்க்காததால் அதுவரை எவருக்கும் தெரியவில்லை.

தெர்மஸைக் கொண்டு ஃப்ரீஸும் பிராக்கும் இன்னொரு அடிப்படைக் கேள்வியையும் தீர்த்தார்கள். வெப்பத்தில் வாழும் செல்களின் புரதங்கள் உண்மையிலேயே வெப்பத்தைத் தாங்குகின்றனவா, அல்லது சிதையச் சிதைய செல் அவற்றை விரைந்து புதிதாகச் செய்துகொள்கிறதா என்பது அப்போது விவாதப் பொருளாக இருந்தது. அல்டோலேஸ் என்ற நொதியை அந்த பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்துப் பார்த்தபோது, அது செல் வளரும் வெப்பத்தையும் தாண்டிய வெப்பத்தில்கூட வேலை செய்தது. ஆக, தாங்கும் திறன் மூலக்கூறிலேயே இருந்தது. பின்னாளில் நடந்த எல்லாவற்றுக்கும் கருத்தளவில் தொடக்கம் இதுவே.

இதே ஆண்டுகளில் உயிரின் எல்லைகளை வரையறுக்கும் வேலையும் நடந்தது. கருவுள்ள செல்களைக் கொண்ட உயிர்கள் ஏறத்தாழ 60 டிகிரிக்கு மேல் வாழ்வதில்லை என்று 1972இலும், நீலப்பச்சைப் பாசிகள் பிஎச் அளவு 4க்குக் கீழான அமில நீரில் இல்லை என்று 1973இலும் அவரும் உடன் பணியாற்றியவர்களும் காட்டினர். அமிலமும் வெப்பமும் ஒருங்கே மிகுந்த ஊற்றுகளிலிருந்து கந்தகத்தை உண்டு வாழும் சல்ஃபோலோபஸ் கிடைத்தது. இந்தியானாவில் தானாகவே புகைந்துகொண்டிருந்த நிலக்கரிக் கழிவுக் குவியலிலிருந்து, செல்சுவரே இல்லாத தெர்மோபிளாஸ்மா கிடைத்தது. இவை இரண்டும் வழக்கமான பாக்டீரியாக்களைப் போல் இல்லை என்பது பிராக்குக்குத் தெரிந்திருந்தது. ஏன் என்பது தெரியவில்லை. 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் எல்லா உயிர்களின் செல்லிலும் உள்ள ரைபோசோம் ஆர்என்ஏ என்ற மூலக்கூறை ஒப்பிட்டு, பாக்டீரியாக்களிலிருந்து வேறான ஆர்க்கியா என்ற தனிக் கிளையை முன்வைத்த பிறகு, அந்த இரண்டும் அந்தக் கிளையைச் சேர்ந்தவை எனத் தெளிவாயிற்று.

1971இல் அவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்தார். 1970களின் நடுவில் யெல்லோஸ்டோன் வேலையை முடித்துக்கொண்டார். அதன் பிறகு மேடிசன் நகரை ஒட்டிய மென்டோட்டா ஏரியின் பாசிப் பெருக்கத்தை ஆராய்ந்தார். நுண்ணுயிரியலுக்கு அவர் எழுதிய பாடநூல் 1970இல் வெளிவந்து, பின்வந்த பதிப்புகளில் அவர் பெயரையே தலைப்பில் தாங்கிக்கொண்டு இன்றும் மாணவர்களிடம் புழங்குகிறது. ஓய்வுபெற்ற பின் மேடிசனுக்கு மேற்கே ஓக் மரங்கள் நிறைந்த பழைய புல்வெளியை மீட்டெடுப்பதில் மனைவியுடன் ஈடுபட்டார். 2021 ஏப்ரலில், 94ஆம் வயதில் காலமானார்.

நொதியின் கதைக்கு வருவோம். 1976இல் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தெர்மஸ் அக்வாட்டிகஸிலிருந்து, டிஎன்ஏவைப் படியெடுக்கும் டிஎன்ஏ பாலிமரேஸ் என்ற நொதியைப் பிரித்தெடுத்திருந்தனர். 1983இல் சீட்டஸ் நிறுவனத்தில் கேரி முல்லிஸ் பிசிஆர் முறையை வகுத்தபோது முதலில் பயன்பட்டது ஈ. கோலை பாக்டீரியாவின் நொதி. ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏவின் இரண்டு இழைகளைப் பிரிக்க 95 டிகிரி வரை சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் நொதி செத்துவிடும். ஒவ்வொரு முறையும் குழாயைத் திறந்து புதிதாக ஊற்ற வேண்டும். தெர்மஸின் நொதி அந்தச் சூட்டைத் தாங்கியது. ஒருமுறை சேர்த்தால் முப்பது சுற்றுகள் வரை தானாகவே ஓடும். 1988இல் இந்த முறை விரிவாக வெளியிடப்பட்டது; 1991இல் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனம் பிசிஆர் உரிமைகளை 30 கோடி டாலருக்கு வாங்கியது; 1993இல் முல்லிஸுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பிராக்குக்கோ பூங்காவுக்கோ அந்தத் தொகையில் ஒரு காசும் வரவில்லை. இதைச் சிலர் அநீதி என்பார்கள். 1960களில் இயற்கையிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியாவின்மீது உரிமை கொண்டாடுவது என்ற எண்ணமே ஆய்வாளர்களிடையே வேரூன்றவில்லை. மரபு மாற்றம் செய்யப்பட்ட நுண்ணுயிருக்குக் காப்புரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே 1980இல், ஆனந்த சக்கரவர்த்தியின் வழக்கில்தான். சேமிப்பகத்தில் எவரும் பெறும்படி வளர்ப்பு இருந்ததால்தான் சின்சினாட்டியிலும் பின்னர் சீட்டஸிலும் அதைக் கையிலெடுக்க முடிந்தது என்பதையும் மறக்கக் கூடாது. இருந்தாலும் பூங்கா நிர்வாகம் பாடம் கற்றது. 1997இல் டைவர்சா என்ற நிறுவனத்துடன் பயன் பகிர்வு ஒப்பந்தம் ஒன்றைச் செய்தது. அது நீதிமன்றம் வரை போய்ப் பெரும் விவாதமானது.

2013இல் பிராக்குக்கும் ஃப்ரீஸுக்கும் ‘தங்க வாத்து விருது’ வழங்கப்பட்டது. பயனற்றதுபோல் தோன்றும் ஆய்வு எதிர்பாராத பெரும் பயனைத் தருவதைச் சுட்டும் விருது அது. அடிப்படை ஆய்வுக்கு நிதி கேட்கும் ஒவ்வொரு மேடையிலும் தெர்மஸின் கதை சொல்லப்படுகிறது. பிராக்கே அதை அந்த நோக்கில் எழுதியிருக்கிறார். எனினும், ஓர் ஆய்வின் மதிப்பை அதன் உபரிப் பொருளை வைத்து நிறுவும் வாதத்தில் ஒரு பலவீனம் இருக்கிறது. அப்படி எந்த நொதியும் கிடைக்காமல் போயிருந்தால் இளஞ்சிவப்பு இழைகளைப் பற்றிய கேள்வி வீண் கேள்வியாகிவிடுமா? அந்தக் கேள்வியின் பின்கதையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது.

1980களின் தொடக்கத்தில் நார்மன் பேஸ் என்ற மூலக்கூறு உயிரியலாளர், வெப்பத்தில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி பிராக் 1978இல் வெளியிட்ட நூலில் இந்த இழைகளைப் பற்றிய பகுதியைப் படித்தார். இவ்வளவு உயிர்த்திரள் கண்முன் கிடக்கிறது, ஆனால் வளர்க்க முடியவில்லை என்றால், வளர்க்காமலே அதன் ரைபோசோம் ஆர்என்ஏவை நேரடியாகப் பிரித்தெடுத்து அதன் எழுத்து வரிசையை வாசித்துவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. வோஸ் வரைந்த உயிர்க் குடும்ப மரத்தில் அந்த வரிசை எங்கே பொருந்துகிறது என்று பார்த்தால் உயிரினம் யார் என்பது தெரிந்துவிடும். 1985இல் பேஸும் டேவிட் ஸ்டால் உள்ளிட்டோரும் ஆக்டோபஸ் ஊற்றிலிருந்து அவ்வாறு பெற்ற முதல் முடிவுகளை வெளியிட்டனர். வளர்ப்புத் தட்டைச் சாராமல் ஒரு சூழலின் நுண்ணுயிர்களை எண்ணி அடையாளம் காணும் இந்த வழிமுறை, இன்று மண்ணிலும் கடலிலும் மனிதக் குடலிலும் நடக்கும் அத்தனை மரபணுவழிக் கணக்கெடுப்புகளுக்கும் முன்னோடி.

1990இல் டேவிட் வார்டும் அவருடைய குழுவும் இதே முறையை ஆக்டோபஸ் ஊற்றின் பாசிப் படலத்தில் பயன்படுத்தினர். அங்கே கிடைத்த வரிசைகளில் ஒன்றுகூட, அத்தகைய ஊற்றுகளிலிருந்து அதுவரை வளர்த்து ஆராயப்பட்டிருந்த இனங்களோடு பொருந்தவில்லை! இருபது ஆண்டுகளாகப் பாடநூல்களில் இடம்பெற்றிருந்த இனங்கள் தட்டில் எளிதாக வளர்பவை மட்டுமே. படலத்தை உண்மையில் கட்டியவை வேறு. தூய வளர்ப்பைப் பற்றிய பழைய ஐயத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இளஞ்சிவப்பு இழைகளின் முறை 1994இல் வந்தது. அன்னா-லூயிஸ் ரெய்சன்பாக், பேஸ் ஆகியோர் இழைகளிலிருந்து டிஎன்ஏவை எடுத்து, ரைபோசோம் மரபணுக்களைப் பிசிஆர் மூலம் பெருக்கி வாசித்தனர். பிராக்கால் வளர்க்க முடியாத உயிரை, அவர் வளர்த்த உயிரின் வழியே வந்த முறை அடையாளம் காட்டியது. கிடைத்த வரிசைகளில் எது இழைக்குச் சொந்தம் என்பதை, அந்த வரிசையோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் குறிகளைக் கொண்டு நுண்ணோக்கியில் உறுதிசெய்தார்கள். அது அக்விஃபெக்ஸ் என்ற பாக்டீரியாவின் உறவினம். ஐஸ்லாந்துக்கு அருகே கடலடியில் கண்டெடுக்கப்பட்டு 1992இல் விவரிக்கப்பட்ட அந்த பாக்டீரியா, ஹைட்ரஜனையும் கந்தகச் சேர்மங்களையும் மிகக் குறைந்த ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து ஆற்றல் பெறுவது. இந்த உறவு தெரிந்ததும், பிராக்கின் குடுவைகளில் இழைகள் ஏன் வளரவில்லை என்பதற்கும் குறிப்புக் கிடைத்தது: கரிம உணவைக் கொடுத்துப் பயனில்லை, ஹைட்ரஜனைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹூபரும் கார்ல் ஷ்டெட்டரும் அடங்கிய குழு அதைச் செய்தது. 1998இல் அவர்கள் ஆக்டோபஸ் ஊற்றின் இழைகளிலிருந்து ஒரு பாக்டீரியாவைத் தூய வளர்ப்பாகப் பெற்று, தெர்மோகிரினிஸ் ரூபர் எனப் பெயரிட்டு அறிவித்தனர். ஆனால் அசையாத குடுவையில் அது இழையாக வளரவில்லை. தனித்தனிக் கோல்களாக நீந்திக்கொண்டிருந்தது. ஊடகத்தை இடைவிடாமல் ஓடவிட்ட கண்ணாடிக் கலத்தில் வைத்தபோதுதான் செல்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து நீண்ட இழைகளாயின. அதாவது, இழை என்பது அந்த உயிரின் நிலையான உடல்வடிவம் அல்ல. ஓடும் நீருக்கு அது தரும் மறுமொழி. உயிரினத்தை அதன் சூழலிலிருந்து பிரித்தால் அதன் உருவமே மாறிப்போகும் என்பதற்கு நுண்ணுயிரியல் வரலாற்றில் இதைவிடக் கச்சிதமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. அதே சமயம், ஓட்டம் இழையை உண்டாக்குகிறது என்பதை மரபணு வரிசை ஒருபோதும் சொல்லியிருக்காது. உயிருள்ள வளர்ப்பு கையில் இருந்ததால்தான் அதைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. வளர்ப்பா, வரிசையா என்று இன்றும் துறைக்குள் நடக்கும் வாக்குவாதத்தில் இரு தரப்பும் இந்த இடத்தை வசதியாகத் தாண்டிப் போய்விடுகின்றன.

இழை யார் என்பது தெரிந்த பிறகு, ஊற்றில் அதற்கு உண்மையில் உணவாவது எது என்ற கேள்வி எழுந்தது. கந்தக மணம் வீசும் இடம் என்பதால் யெல்லோஸ்டோனின் உயிர்கள் கந்தகத்தையே முதன்மையாகச் சார்ந்திருக்கின்றன என்று பலரும் கருதிவந்தனர். பேஸின் குழு பூங்காவின் பல ஊற்றுகளில் நீரில் கரைந்துள்ள ஹைட்ரஜனை அவ்விடத்திலேயே அளந்து, வாழும் இனங்களின் கணக்கெடுப்போடும் ஆற்றல் கணக்கோடும் ஒப்பிட்டு, 70 டிகிரிக்கு மேற்பட்ட ஊற்றுகளில் முதன்மை எரிபொருள் ஹைட்ரஜனே என்று 2005இல் வாதிட்டது. ஆக்டோபஸ் ஊற்றைப் போன்ற தெளிந்த, காரத்தன்மையுள்ள ஊற்றுகளும், கந்தகம் மிகுந்த ஊற்றுகளும் இதில் பெரிதாக வேறுபடவில்லை.